இஸ்ரவேலின் கடவுளும் திருச்சபையின் கடவுளும்

பழைய ஏற்பாட்டைப் படிக்கும்போது போர் நடத்துகிற, தண்டிக்கிற, ஓர் இனத்துக்கு மட்டுமே உரிய கடவுள் தென்படுகிறார். புதிய ஏற்பாட்டில் எல்லாரையும் நேசிக்கிற தந்தை தென்படுகிறார். இந்த மாற்றம் எப்போது, எதனால் நிகழ்ந்தது என்பது கேள்வி. இப்படிக் கேட்பவர்களில் பலர் மாற்றம் இயேசுவோடு தொடங்கியது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. கடவுள் பற்றிய எண்ணத்தில் ஏற்பட்ட மிகப் பெரிய திருப்பம் இயேசுவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இஸ்ரவேல் மரபுக்குள் நிகழ்ந்துவிட்டது. அந்தத் திருப்பம் விட்டுச்சென்ற ஒரு கடினமான கேள்விக்கு, யூதச் சிந்தனையில் ஏற்கெனவே இருந்த பொருள்களைக் கொண்டே கிறிஸ்தவம் ஒரு துணிச்சலான விடையைச் சொன்னது.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். இஸ்ரவேல் என்ற பெயர் வேதாகமத்துக்கு வெளியே முதன்முதலில் காணப்படுவது ஏறத்தாழ கி.மு. 1208-ஐச் சேர்ந்த எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டில். அந்தப் பெயரின் ஈற்றில் நிற்பது கானானியரின் மூத்த தெய்வமான ஏல். சிரியக் கடற்கரையில் உகாரித் நகரத்தை 1929-இல் அகழத் தொடங்கியபோது வெளிப்பட்ட களிமண் பலகைகள், இந்த ஏல் யார் என்பதை விரிவாகக் காட்டின: தேவர்களுக்குத் தந்தை, முதுமையும் கருணையும் உடையவர், தேவசபைக்குத் தலைவர், அவருக்குத் துணைவியாக அதிராத் என்னும் தேவி. அதே பலகைகளில் இளைய தெய்வமான பாகால் மேகங்களின்மேல் ஏறிவருகிறார், இடியாகக் குரல் கொடுக்கிறார், கடலை வெல்கிறார். சங்கீதப் புத்தகத்தின் 29-ஆம், 104-ஆம் பாடல்களில் இஸ்ரவேலின் கடவுளுக்குச் சூட்டப்படும் அடையாளங்களும் பெரும்பாலும் இவையே. கானான் நிலத்தின் சமயச் சொல்வளத்திலிருந்தே இஸ்ரவேலர் தங்கள் கடவுளைப் பாடினார்கள்.

இஸ்ரவேல் தன் கடவுளுக்கு வழங்கிய தனிப்பெயர் யாவே. அந்த யாவேயோ தெற்கிலிருந்து வந்தவராகத் தோன்றுகிறார். வேதாகமத்தின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்றாகக் கருதப்படும் தெபொராளின் பாட்டு, அவர் சேயீரிலிருந்தும் ஏதோமின் வெளியிலிருந்தும் புறப்பட்டு வந்ததாகச் சொல்கிறது. எகிப்திய மன்னன் மூன்றாம் அமென்ஹோதெப் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் நூபியாவின் சோலெப் என்னுமிடத்தில் கட்டிய கோவிலில், நாடோடிக் குழுவொன்றின் நிலத்தைக் குறிக்கும் பெயர் ஒன்று உண்டு. அது யாவே என்பதோடு தொடர்புடையது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஏல் என்ற தந்தைத் தெய்வமும் யாவே என்ற தென்னிலக் கடவுளும் காலப்போக்கில் ஒருவராகவே அறியப்பட்டனர். யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தில், ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் தாம் ஏல் ஷடாயாகத் தரிசனமானதாகவும், யாவே என்ற நாமத்தால் அவர்களுக்கு அறியப்படவில்லை என்றும் கடவுளே மோசேயிடம் கூறுகிறார். இந்த இணைப்பின் நினைவை மரபே மறைக்காமல் வைத்திருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலைப் படிப்பவர்கள், ‘கர்த்தர்’ என்று அச்சிட்டிருக்கும் இடங்களில் மூலத்தில் பெரும்பாலும் யாவே என்ற பெயரே நிற்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இவற்றை எளிதாகப் பின்தொடரலாம்.

அக்காலத்தில் பிற தேவர்கள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உபாகமம் 32-ஆம் அதிகாரத்தில், உன்னதமானவர் இனங்களுக்கு எல்லைகளைப் பகுத்தபோது ‘இஸ்ரவேல் புத்திரரின்’ தொகைக்குத் தக்கதாகப் பகுத்தார் என்று, யூத எழுத்தர்கள் இடைக்காலத்தில் நிலைப்படுத்திய மசோரா எபிரெயப் பாடம் கூறுகிறது. சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த, அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய சுருளில் அந்த இடத்தில் ‘தேவபுத்திரர்’ என்று இருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தேவன் ஒதுக்கப்பட்டார், யாவேயின் பங்காக யாக்கோபின் மக்கள் வந்தார்கள் என்பதே அந்தப் பாடத்தின் கருத்து. பிற்காலத்து எழுத்தர்களுக்கு அது கூச்சமளித்ததால் சொல்லை மாற்றியிருக்க வேண்டும். ‘தேவசபையிலே தேவன் எழுந்தருளியிருக்கிறார்’ என்று தொடங்கும் 82-ஆம் சங்கீதத்தில், கடவுள் மற்றத் தேவர்களைக் கூட்டி நிறுத்தி, ஏழைக்கு நியாயம் செய்யத் தவறியதற்காக அவர்கள் மனிதரைப்போல் சாவார்கள் என்று தீர்ப்பளிக்கிறார். நியாயாதிபதிகள் புத்தகத்தில் யெப்தா எதிரி மன்னனிடம், உன் தேவனாகிய காமோஸ் உனக்குத் தருவதை நீ வைத்துக்கொள், எங்கள் தேவன் எங்களுக்குத் தந்ததை நாங்கள் வைத்துக்கொள்வோம் என்று பேசுகிறார். எல்லைக்கு அப்பாலிருந்தும் இதே மொழி கேட்கிறது. 1868-இல் கண்டெடுக்கப்பட்ட மோவாபிய மன்னன் மேசாவின் கல்வெட்டு, காமோஸ் தன் நிலத்தின்மேல் கோபங்கொண்டதால்தான் இஸ்ரவேலின் மன்னன் உம்ரி மோவாபை ஒடுக்க முடிந்தது என்கிறது. பெயரை மாற்றிவிட்டால் அதை இராஜாக்கள் புத்தகத்தின் ஒரு பக்கம் என்றே நம்பிவிடலாம்.

சீனாய்ப் பாலைநிலத்தின் வடகிழக்கிலுள்ள குந்திலெத் அஜ்ருத் என்னுமிடத்தில், கி.மு. 800-ஐ ஒட்டிய காலத்துச் சாடிகளில் ‘சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்’ உங்களை ஆசீர்வதிப்பார்களாக என்ற பொருளில் வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே அசேரா (உகாரித்தில் அதிராத்) என்பது தேவியா, தேவியின் அடையாளமான மரத்தூணா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அசேராவின் உருவம் இருந்ததையும், அங்கே பெண்கள் அவளுக்காக நெசவு செய்ததையும், யோசியா மன்னன் அதை வெளியே எடுத்து எரித்ததையும் 2 இராஜாக்கள் 23-ஆம் அதிகாரமே பதிவு செய்கிறது. யோசியாவின் சீர்திருத்தம் கி.மு. 622-இல் நடந்தது. அதுவரை பலருடைய வழிபாடு எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

‘இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்’ என்ற உபாகம வசனத்தை இந்தச் சூழலில் வைத்துத்தான் முதலில் கேட்க வேண்டும். அது பிற தேவர்களின் இருப்பை மறுக்கும் தத்துவக் கூற்றாகத் தொடங்கவில்லை; நமக்கு இவர் ஒருவரே, இவருக்கு மட்டுமே நாம் உண்மையாயிருக்க வேண்டும் என்ற உறுதிமொழியாகத் தொடங்கியது. அசீரியப் பேரரசன் எசரத்தோன் கி.மு. 672-இல் தன் மகன் அசூர்பனிபாலுக்காகக் கீழ்ப்பட்ட நாடுகளிடம் வாங்கிய விசுவாசப் பிரமாணங்களும், உபாகமத்தின் ‘முழு இருதயத்தோடும் அன்புகூருவாயாக’ என்ற கட்டளையும், அதன் 13, 28-ஆம் அதிகாரங்களின் எச்சரிக்கைகளும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கின்றன. பேரரசன் கோரிய முழு விசுவாசத்தை, பேரரசனுக்குத் தர மறுத்து, தங்கள் கடவுளுக்குத் தந்த ஒரு சிறிய நாட்டின் எதிர்ப்பு அதில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தீர்க்கதரிசிகள் வேறொரு கதவைத் திறந்திருந்தார்கள். இஸ்ரவேலை எகிப்திலிருந்து அழைத்துவந்த அதே கடவுள்தான் பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் அழைத்துவந்தார் என்று ஆமோஸ் அறிவித்தபோது, தேர்ந்துகொள்ளப்பட்டதன் பெருமிதத்துக்கு அடிவிழுந்தது. ஓசியாவின் 11-ஆம் அதிகாரம் இன்னும் ஆழமானது. குழந்தைக்கு நடக்கப் பழக்கி, கைகளில் ஏந்தி வளர்த்த தந்தையாகக் கடவுள் பேசுகிறார். தண்டிக்க எண்ணியவருடைய இருதயம் உள்ளுக்குள் குழம்புகிறது. நான் மனுஷனல்ல, தேவன், ஆகவே என் கோபத்தின்படி செய்யமாட்டேன் என்கிறார். அன்பான தந்தை புதிய ஏற்பாட்டில்தான் முதன்முதலில் வருகிறார் என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

பெரிய திருப்பம் தோல்வியிலிருந்து பிறந்தது. கி.மு. 586-இல் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை அழித்தது, ஆலயத்தை எரித்தது, மக்களின் ஒரு பகுதியைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனது. பண்டைய உலகின் தர்க்கப்படி, இதன் பொருள் பாபிலோனின் மர்தூக் யாவேயை வென்றுவிட்டார் என்பதே. சிறைப்பட்டவர்கள் அந்த முடிவை ஏற்றிருந்தால் யூத சமயமும் அதன் வழிவந்த எதுவும் இன்று இருந்திருக்காது. அவர்கள் எதிர்த்திசையில் சிந்தித்தார்கள். எசேக்கியேல் பாபிலோனியாவின் கேபார் நதியருகே சக்கரங்களுடைய சிங்காசனத்தைக் கண்டார். எருசலேமில் மட்டும் வீற்றிருப்பவர் என்று எண்ணப்பட்டவர் எங்கும் வரக்கூடியவர் ஆனார். ஏசாயா புத்தகத்தின் 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்களை இயற்றிய, பெயர் தெரியாத தீர்க்கதரிசி இன்னும் முன்னே சென்றார். பாபிலோன் யாவேயின் கையிலிருந்த கருவி. அதை வீழ்த்த வரும் பாரசீக மன்னன் கோரேசும், யாவேயை அறியாமலே, அவரால் அபிஷேகம் பண்ணப்பட்டவன். மற்றத் தேவர்கள் மரமும் உலோகமும் மட்டுமே. ‘நானே கர்த்தர், வேறொருவர் இல்லை, என்னைத்தவிர தேவன் இல்லை’ என்ற அறிவிப்பு இங்குதான் முழுப் பொருளோடு ஒலிக்கிறது. நாடும் அரசனும் ஆலயமும் இல்லாத ஒரு சிறு கூட்டம், உலகிலேயே மிகப் பெரிய பேரரசின் நடுவிலிருந்துகொண்டு இப்படிச் சொன்னது என்பது சமய வரலாற்றின் மிக வியப்பான செய்திகளில் ஒன்று.

எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. எகிப்தின் எலிபெண்டைன் தீவில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதப் படைவீரர்கள் யாவேக்குத் தனியாக ஓர் ஆலயம் வைத்திருந்தார்கள்; அங்கு கிடைத்த காணிக்கைப் பட்டியலில் யாவேயின் பெயருக்கு அருகில் ஆனாத் பெத்தேல் போன்ற தெய்வங்களின் பெயர்களும் இருக்கின்றன. அந்த ஆலயம் கி.மு. 410-இல் இடிக்கப்பட்டபோது அதைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு அவர்கள் யூதேயாவின் ஆளுநருக்கு எழுதிய மடல் இன்றும் இருக்கிறது.

ஒரே கடவுள் என்று முழுமையாக ஏற்றதும் புதிய இடர் ஒன்று எழுந்தது. தீமை எங்கிருந்து வருகிறது? ஏசாயா 45-ஆம் அதிகாரம் தயங்காமல், சமாதானத்தைப் படைத்துத் தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே என்று கடவுளையே சொல்லவைக்கிறது. பின்வந்தவர்களுக்கு அது தாங்கவில்லை. 2 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தில் மக்களைத் தொகையிடும்படி தாவீதைத் தூண்டுவது கர்த்தரின் கோபம். சில நூற்றாண்டுகள் கழித்து அதே நிகழ்ச்சியைத் திரும்ப எழுதிய 1 நாளாகமம் 21-ஆம் அதிகாரத்தில் தூண்டுவது சாத்தான். யோபுவில் கடவுளின் அவையிலேயே குற்றஞ்சாட்டும் பணியாளராக நின்றவர் மெல்ல மெல்லக் கடவுளின் எதிரியாகிறார். பாரசீகரின் ஒளி–இருள் எண்ணங்கள் இதற்குத் துணைசெய்திருக்கலாம். ஆனால் உள்ளிருந்து எழுந்த நெருக்கடியே முதற்காரணம் என்பது என் கணிப்பு. யூதேயாவை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோக்கஸ் எபிபானேஸ் கி.மு. 167-இல் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டவர்களைக் கொன்றபோது இன்னொரு கேள்வி எழுந்தது: கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாலேயே சாகிறவனுக்கு நீதி எங்கே? தானியேல் 12-ஆம் அதிகாரத்தில் மரித்தோர் எழுவார்கள் என்ற நம்பிக்கை தெளிவாக வெளிப்படுவது இந்தச் சூழலில்தான்.

அடுத்த இடர், கடவுள் மிக உயர்ந்துபோனது. தோட்டத்தில் உலாவியவர், ஆபிரகாமின் கூடாரத்தருகே உண்டவர், இப்போது பெயரைக்கூட உச்சரிக்கலாகாதவர் ஆனார். வேதத்தைப் படிக்கும்போது அவருடைய பெயர் வருமிடத்தில் ஆண்டவர் என்ற பொருளுடைய சொல்லையே உச்சரித்தார்கள். இவ்வளவு உயரத்திலிருப்பவர் உலகத்தில் எவ்வாறு செயல்படுகிறார்? சிறையிருப்புக்குப் பின் ஆலயம் திரும்பக் கட்டப்பட்டு நின்ற இரண்டாம் ஆலயக் காலத்து யூதர்கள் இதற்குப் பல விடைகளைத் தேடினார்கள். நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தில் படைப்புக்கு முன்பே கடவுளோடு இருந்த ஞானம் பெண்ணுருவில் பேசுகிறது. கி.மு. 180-ஐ ஒட்டி எருசலேமில் எழுதப்பட்ட சீராக்கின் நூலில் அந்த ஞானம் கடவுளின் வாயிலிருந்து புறப்பட்டு, யாக்கோபின் நடுவே கூடாரமிட்டு, மோசேயின் சட்டத்தோடு ஒன்றாகிறது. தானியேல் 7-இல் நீண்ட ஆயுசுள்ளவர் முன்னால் மனுஷகுமாரனைப் போன்ற ஒருவர் மேகங்களோடு வந்து நித்திய ஆளுகையைப் பெறுகிறார். ஏனோக்கின் நூலில் அந்த மனுஷகுமாரன் மகிமையின் சிங்காசனத்தில் அமர்ந்து நியாயந்தீர்க்கிறார். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஃபைலோ என்ற யூத மெய்யியலாளர், இயேசுவின் காலத்தவர், கடவுளுக்கும் உலகுக்கும் நடுவே வார்த்தை என்னும் லோகோஸ் நிற்பதாகக் கூறி, ஓரிடத்தில் அதை ‘இரண்டாம் கடவுள்’ என்றே குறிப்பிட்டார். அவர் தம்மை ஒரே கடவுளை வணங்கும் யூதராகவே எண்ணினார், அப்படியே மதிக்கவும்பட்டார்.

இயேசு பேசியது இந்த உலகத்துக்குள்தான். முதன்மையான கட்டளை எது என்று கேட்டபோது அவர் சொன்னது ‘இஸ்ரவேலே, கேள்’ என்ற அதே வசனம். அப்பா என்று கடவுளை அழைத்த நெருக்கத்துக்கும் சங்கீதங்களிலும் ஏசாயாவிலும் வேர் உண்டு. அவருடைய தனித்தன்மை கடவுளின் ஆட்சி இப்போதே நெருங்கிவிட்டது என்ற அவசரத்திலும், ஒதுக்கப்பட்டவர்களோடு பந்தியமர்ந்து அந்த ஆட்சியைச் செயலில் காட்டியதிலும் இருந்தது.

உண்மையான புதுமை அவர் சிலுவையில் மரித்தபின் சீடர்களின் வழிபாட்டில் தோன்றியது. அதுவும் வியக்கத்தக்க வேகத்தில் தோன்றியது. கி.பி. 50-களில் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம், பிதாவாகிய ஒரே தேவன் என்றும் இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர் என்றும் சொல்லி, ‘இஸ்ரவேலே, கேள்’ வசனத்தை இருவருக்குமாகப் பகிர்கிறது. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம் இன்னும் துணிந்தது. ஏசாயா 45-இல், என்னைத்தவிர வேறொருவர் இல்லை என்று முழங்கிய அதே பகுதியின் இறுதியில், முழங்கால் யாவும் எனக்கு முடங்கும் என்று யாவே சொல்கிறார். பவுலின் மடலில் அந்த முழங்கால்கள் இயேசுவின் நாமத்தில் முடங்குகின்றன. பிற தேவர்களை மறுப்பதற்காகவே எழுந்த சொற்களுக்குள் ஒரு மனிதரின் பெயரை, அதுவும் உரோமையரால் சிலுவையில் அறையப்பட்டவரின் பெயரை வைப்பது சாதாரணச் செயலன்று. மாற்கில் ஞானஸ்நானத்திலும், மத்தேயுவிலும் லூக்காவிலும் பிறப்பிலும், யோவானில் ஆதியிலும் இயேசுவின் தேவமகன்மை தொடங்குவதால் அவருடைய நிலை படிப்படியாக உயர்த்தப்பட்டது என்று சொல்வதுண்டு. சுவிசேஷங்களை மட்டும் பார்த்தால் அது பொருந்தும். பவுலின் மடல்கள் அந்தச் சுவிசேஷங்கள் அனைத்துக்கும் முந்தியவை என்பதை நினைத்தால், வளர்ச்சி அத்தனை நேர்கோட்டில் செல்லவில்லை என்பது விளங்கும். ஏறத்தாழ கி.பி. 112-இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியலுக்கு முன் கூடிக் கிறிஸ்துவுக்குக் கடவுளுக்குப்போலப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று பேரரசன் திராயானுக்கு எழுதினார்.

‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று தொடங்கும் யோவான் சுவிசேஷம், ஞானத்தைப் பற்றியும் லோகோசைப் பற்றியும் யூதர்கள் பேசிவந்ததைத் தொடர்கிறது. அதன் முதல் பதின்மூன்று வசனங்களில் ஃபைலோ பெரும்பகுதியை மறுத்திருக்கமாட்டார். ‘அந்த வார்த்தை மாம்சமாகி’ என்ற 14-ஆம் வசனத்தில்தான் பாதை பிரிகிறது. கி.பி. 70-இல் ஆலயம் மறுபடியும் அழிந்தபின், யூதச் சமய ஆசிரியர்களான ரபிமார் விண்ணில் இரண்டு ஆற்றல்கள் உண்டு என்ற போதனையைத் தவறெனக் கண்டித்தார்கள். தானியேல் கண்ட சிங்காசனங்களில் ஒன்று கடவுளுக்கு, மற்றொன்று தாவீதுக்கு என்று ரபி அகிபா விளக்கியபோது, இறைமாட்சியை எத்தனை காலம் இழிவுபடுத்துவாய் என்று இன்னொரு ரபி அவரைக் கடிந்துகொண்டதாக ரபிமார் போதனைகளின் தொகுப்பான தல்மூத் கூறுகிறது. அகிபாவைப் போன்ற பெரியவருக்கே அப்படி ஒரு விளக்கம் தோன்றியது என்றால், அந்தக் கேள்வி யூத மரபுக்குள் எவ்வளவு உயிரோடு இருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

கோபக்காரக் கடவுள், அன்பான கடவுள் என்ற பிரிப்பும் ஒருவரோடு தொடர்புடையது. கருங்கடற்கரையைச் சேர்ந்த மார்சியோன், எபிரெய வேதத்தின் கடவுள் வேறு, இயேசு வெளிப்படுத்திய பிதா வேறு என்று போதித்து, தமக்கேற்பச் சுருக்கிய லூக்காவையும் பவுலின் பத்து மடல்களையும் மட்டும் வேதமாக ஏற்றார். உரோமாபுரிச் சபை ஏறத்தாழ கி.பி. 144-இல் அவரை விலக்கியது. இஸ்ரவேலின் கடவுளே இயேசுவின் தந்தை என்பதை விட்டுக்கொடுத்தால் தன் நம்பிக்கையே சரிந்துவிடும் என்று திருச்சபை உணர்ந்தது. கேள்வியில் உள்ள பிரிப்பு திருச்சபை மிகத் தெளிவாக மறுத்த ஒன்று என்பதைக் கேட்பவர் அறிந்துகொள்வது நல்லது. புதிய ஏற்பாட்டிலும் நித்திய அக்கினியும் வெளிப்படுத்தின விசேஷத்தின் கோபக் கலசங்களும் இருக்கின்றன.

பின்வந்த விவாதங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அடிப்படை அதற்குள் இடப்பட்டுவிட்டது. கடவுள் மாறாதவர், துன்பப்படாதவர் என்ற கிரேக்க மெய்யியல் எண்ணத்தை ஏற்ற கிறிஸ்தவர்களுக்கு, பிறந்து வளர்ந்து மரித்த ஒருவரைக் கடவுள் என்பது கடினமாயிற்று. மகன் ஒருகாலத்தில் இல்லாதிருந்தார், அவர் படைப்புகளில் தலைசிறந்தவர் என்று அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ் போதித்தது இந்தத் தர்க்கத்தின்படிதான். கான்ஸ்டன்டைன் பேரரசன் 325-இல் கூட்டிய நைசியா சங்கம், மகன் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று தீர்மானித்தது. 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் தூய ஆவியும் தந்தையோடும் மகனோடும் ஒன்றாக வழிபடப்படுகிறவர் என்று சேர்த்தது. ஒரே தெய்வ இயல்பு, மூன்று ஆட்கள் என்ற விளக்கத்தை, அந்நூற்றாண்டின் ஆயர்களான பசிலியாரும் இரு கிரகோரியார்களும் செப்பனிட்டார்கள். இதை அரசியல் வற்புறுத்தல் என்று மட்டும் தள்ளிவிடுவது சரியாகாது: கிறிஸ்துவை வணங்குவது தவறு என்றால் மூன்று நூற்றாண்டு வழிபாடு விக்கிரகாராதனையாகிவிடும், தவறில்லை என்றால் ஒரே கடவுள் என்பதை வேறுவிதமாகச் சொல்லியாக வேண்டும் என்ற உண்மையான நெருக்கடி அங்கே இருந்தது.

யூத மரபும் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. இஸ்ரவேலர் எங்கெங்கே நாடுகடத்தப்பட்டார்களோ அங்கெல்லாம் இறைமாட்சியும் அவர்களோடு நாடுகடந்து சென்றது என்று ரபிமார் போதித்தார்கள். துன்பப்படும் மக்களோடு உடனிருக்கும் கடவுளை அவர்கள் சிலுவையின்றியே கண்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத மெய்யியலாளர் மைமோனிதெஸ், கடவுளுக்கு உடல் இல்லை என்பதைத் தம் பதின்மூன்று விசுவாசக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்து, வேதத்திலுள்ள கை, கண், சிங்காசனம் ஆகிய எல்லாவற்றையும் உருவகங்களாக விளக்கினார்.